திரைப்படக் கலையில் உயர்கல்வி

"சினிமாப் பார்ப்பதற்கும் ஒரு பட்டம் வேண்டுமா?" என்னும் வினா, ஊவாத் தோட்டப்புறத்தில் ஆசிரியத் தொழில் புரியும் எம்மிடம் பெற்றோர் பலராலும் பழைய மாணவர் சிலராலும் அவ்வப்போது விடுக்கப்படுவதாகும். வினாவிலே நகை கலந்திருப்பினும் அதன் அடியில் அச்சமும் உண்டு. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுந்து பட்டமும் பெற்ற மகன், ஆசிரியனாகவோ எழுதுவினைஞனாகவோ அமர்ந்து குடும்பத்தை லயத்து அறையினின்று மீட்பான் எனக் காத்திருக்குந் தாய்தந்தையர்க்கு, அவன் "இனித் திரைப்படம் படிக்கப் போகின்றேன்" என்பானாயின் நெஞ்சு துணுக்குறுதல் இயல்பே. அவ்வச்சத்தை ஏளனஞ் செய்தல் தகாது. ஆயினும் அதிற் பாதி, அப்படிப்பு இன்னதென அறியாமையாற் பிறப்பது. அப்பாதியையாவது நீக்க இயலுமா எனப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாம். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரத்தோடு அமைந்துவிட்ட நாம் முதுமாணிப் படிப்பைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். வழிகாட்டி மரம் தான் ஊருக்குப் போவதில்லை. ஆயினும் வழியைக் காட்டும்.

பட்டப்பின்படிப்பு என்பது முதலில் ஒரு பட்டத்தைப் பெற்று, அதன்மேல் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஒரு துறையில் ஆழ்ந்து கற்பது. திரைப்படத்தைப் பொறுத்தமட்டில் அம்முதற் பட்டம் இன்ன துறையினதாய் இருத்தல் வேண்டும் என்னும் நியதி பெரும்பாலும் இல்லை. வரலாறு கற்றவரும் பௌதிகங் கற்றவரும் தமிழ் கற்றவரும் ஒரே வகுப்பில் வந்து அமர்வர். அதன்பின் வழி இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று படத்தை ஆக்குங் கல்வி: இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்பன அதன் கிளைகள். மற்றொன்று படத்தை ஆராயுங் கல்வி: ஒரு படம் எக்காலத்தில், எவருடைய பொருளால், எவர் பொருட்டு எடுக்கப்பட்டது, அதனைக் கண்டோர் என்ன கொண்டனர் என்றெல்லாம் வினாவி விடை காண்பது. முன்னதற்குக் கமெராவும் பின்னதற்கு நூல்நிலையமும் முதன்மையான கருவிகள். பொதுமக்கள் இவ்விரண்டினையும் ஒன்றாக்கி, இரண்டினையும் நடிகராதலோடு குழப்பிக்கொள்கின்றனர். நடிப்பும் ஒரு பயிற்சியாகக் கற்பிக்கப்படுவதுண்டு. ஆனால் அது முழுமையில் ஒரு சிறு கூறேயாம்.

தமிழாசிரியராகிய எமக்கு இப்பிரிவு புதியதாய்த் தோன்றவில்லை. யாழை வாசித்தல் வேறு, யாழைப் பற்றி ஆராய்தல் வேறு. சுவாமி விபுலாநந்தர் 1947இல் அரங்கேற்றிய யாழ் நூல் பின்னதன் பாற்பட்டது. அதற்கு முன்னரே, 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில், நாடகத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கி, சேக்சுபியரையும் வடமொழி நாடக மரபையும் சிலப்பதிகாரத்தையும் ஒருங்கு வைத்து நோக்கினார். கூத்துப் பார்த்தல் பொழுதுபோக்கு என்று கருதியிருந்த காலத்தில் அதுவும் சிலர்க்கு வேண்டாத வேலையாய்ப் பட்டிருக்கும். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் ஒரு செய்தியில் நாம் தங்குவதுண்டு. அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என அளவு கூறிய இளங்கோவடிகள், தூணின் நிழல் ஆடுவோர் மீது விழாத வண்ணம் விளக்கை நிறுத்த வேண்டும் என்பதனையுங் கூறிச் செல்கின்றார். விளக்கை எங்கே வைப்பது, நிழலை எங்கே தள்ளுவது என்பது இன்று ஒளிப்பதிவு மாணவன் முதலாண்டிற் கற்கும் பாடம்.

திரைப்படத்தைக் கல்விக்கூடத்தில் வைத்துக் கற்பிக்கும் முயற்சி 1919இல் மொஸ்கோ நகரிலே தொடங்கியது. உலகின் முதலாவது திரைப்படக் கல்லூரி அதுவே. அங்கே ஆசிரியராயிருந்த குலெசோவ் என்பார் செய்து காட்டிய ஒரு சோதனை இன்றும் எல்லாத் திரைப்படக் கல்லூரிகளிலும் கூறப்படுகின்றது. உணர்ச்சி எதனையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, அதனை ஒருமுறை உணவுக் கிண்ணத்தோடும், ஒருமுறை பிணப்பெட்டியோடும் இணைத்துக் காட்டினார். பார்த்தோர், பசியையும் துயரையும் அந்நடிகர் எத்துணை நுட்பமாக வெளிப்படுத்துகின்றார் எனப் பாராட்டினராம். முகமோ இரண்டிடத்தும் ஒரே முகம்.

இதனை எம்முடைய மலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். காலைப் பிரட்டுக் களத்தில் தன் பெயர் கூப்பிடப்படும்வரை காத்து நிற்கும் ஒரு மூதாட்டியின் முகத்தை அண்மைக் காட்சியாகப் பிடித்தோம் என்க. அதனை அடுத்துக் கொழுந்து நிறுக்குந் தராசைக் காட்டினால் அம்முகத்திற் கவலை தோன்றும். பிள்ளைக் காம்பிராவில் உறங்கும் பேரக்குழந்தையைக் காட்டினால் அதே முகத்தில் அன்பு சுரக்கும். பங்களாவிற் பீங்கான் கோப்பையில் ஊற்றப்படும் தேநீரைக் காட்டினாலோ, அம்முகம் எதனையோ கேட்பது போலிருக்கும். மூதாட்டி மூன்று முறையும் ஒன்றுஞ் செய்தாரல்லர், சும்மா நின்றார். அவர் நெஞ்சில் இருப்பதாக நாம் கண்டவை அனைத்தும் படத்தை இணைத்தவன் வைத்தவை. தோட்டத்து மக்களின் முகங்கள் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாகப் பிறரால் எடுக்கப்பட்டுப் பிறரால் இணைக்கப்பட்டு வந்திருக்கின்றன. இணைக்கும் வித்தையை அம்மக்களின் பிள்ளைகள் கற்றல் வேண்டும் என நாம் வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே.

தமிழ்த் திரைப்படத்துக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கும் தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1929இல் திரைப்படப் படிப்புத் தொடங்கப்பெற்றது. அங்கே கற்ற எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்க இளைஞர், உடன் கற்ற மாணிக்லால் தாண்டனின் அழைப்பை ஏற்று 1935இல் இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் தமிழிற் படங்களை இயக்கத் தொடங்கினார். சதி லீலாவதி (1936), சகுந்தலை (1940), மீரா (1945), மந்திரிகுமாரி (1950) என்பன அவர் இயக்கியவற்றுட் சில. வியப்பு யாதெனில், அவர் தமிழ் அறியாதவர். இறுதிவரை அறியாதவராகவே இருந்தார். மொழிபெயர்ப்போரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கமெராவை எங்கே நிறுத்துவது, காட்சியை எங்கே வெட்டுவது என்னுங் கல்லூரிப் பயிற்சியை மூலதனமாகக் கொண்டே பதினைந்து ஆண்டு இங்கே தொழில் நடத்தினார்.

அவர் தனித்து இயக்கிய முதற் படமாகிய சதி லீலாவதி எமக்கு மற்றொரு வகையாலும் நெருங்கியது. எஸ். எஸ். வாசன் எழுதிய நாவலைத் தழுவியது அது. கதைத் தலைவன், தன் நண்பனைக் கொன்றுவிட்டதாக மயங்கிச் சென்னையினின்றுந் தப்பியோடி, இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிற் கூலியாளாக உழைக்கின்றான். கண்டிப் பகுதியில் 1917இற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதல் திரையிற் சிறுவேடம் ஏற்றுத் தோன்றியதும் இப்படத்திலேயாம். இலங்கைத் தோட்டம் தமிழ்த் திரைக்கு அத்துணை முற்படவே வந்துவிட்டது என்பதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அது வந்த விதத்தையும் நோக்குதல் வேண்டும். அக்கதையில் தோட்டம் என்பது குற்றவாளி ஒளிந்துகொள்ளப் போகும் தூர தேசம். போனவன் புதையல் எடுத்துச் செல்வனாகின்றான். மலைநாட்டில் வாழ்ந்தோர் புதையல் எடுத்த கதையை நாம் எங்குங் கேட்டதில்லை.

இந்நாட்டிற் பிறந்த தமிழர் ஒருவர் முறைப்படி திரைப்படம் கற்று உயர்ந்தமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பாலு மகேந்திரா. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இற் பிறந்தவர். பள்ளிச் சுற்றுலாவொன்றின்போது கித்துள்கலையில் 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைக் கண்டதாகவும், இயக்குநர் டேவிட் லீன் "மழை" என்று குரல் கொடுத்த உடனே மழை பெய்யக் கண்டு வியந்ததாகவும் அவர் பின்னாளிற் பலகாற் கூறியுள்ளார். கொழும்பில் வரைஞராக வேலை பார்த்து, தேனருவி என்னும் இலக்கிய ஏட்டையும் நடத்திய பின்னர், இந்தியா சென்று பூனா திரைப்படக் கல்லூரியிற் சேர்ந்தார். 1969இல் ஒளிப்பதிவிற் தங்கப் பதக்கத்தோடு வெளியேறினார்.

அக்கல்லூரியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பிரபாத் என்னும் புகழ்பெற்ற படநிறுவனம் மூடப்பட்ட பின்னர், அதன் வளவில் இந்திய அரசாங்கம் 1960இல் நிறுவியது அது. பழைய படமேடைகளே வகுப்பறைகளாயின. 1964இல் தேசியத் திரைப்படக் காப்பகமும் பூனாவிலேயே தோன்றியமையால், மாணவர்க்கு உலகின் சிறந்த படங்களைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் 1960களின் நடுவிற் சிறிது காலம் அங்கே கற்பித்தார். அவருடைய மாணாக்கருட் சிலர் பின்னர் இந்தியத் திரைப்படத்தின் போக்கையே மாற்றினர்.

பாலு மகேந்திரா அங்கே கற்றது யாது? விளக்கைக் குறைத்தல் என்று ஒரு சொல்லிற் கூறிவிடலாம். இயற்கையான வெளிச்சத்தில், சாளரத்தின் வழியாக வரும் ஒளியில், மனித முகத்தைப் பிடித்தல். கன்னடத்தில் எடுத்த கோகிலா (1977) முதலாக அழியாத கோலங்கள் (1979), மூன்றாம் பிறை (1982) என அவர் படங்களில் மலைப்புற மூடுபனியும் மாலை வெயிலும் கதைமாந்தரைப் போலவே இயங்கக் காணலாம். வீடு (1988) என்னும் படம் எம் மக்கள் அனைவரும் ஒருமுறையேனும் பார்க்கவேண்டியது. நடுத்தர வருவாயுள்ள ஒரு பெண் தனக்கென ஒரு சிறு வீடு கட்ட முயல்வது மட்டுமே அதன் கதை. லயத்து அறையின் முன் ஒரு துண்டு நிலத்திற்கு உறுதி கேட்டு அலைந்தவர்க்கு, அப்படத்தை விளக்கிக் கூறவேண்டிய தேவை இராது. அவரிடம் உதவியாளராயிருந்து பயின்ற பாலா, தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டிச் சென்ற கொடுமையைப் பரதேசி (2013) என எடுத்தார். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் 'எரியும் பனிக்காடு' என வழங்கும் நாவலை அடியாகக் கொண்டது அது. பூனாவில் ஒரு மட்டக்களப்பு மாணவர் கற்ற பாடம், ஆசிரியர் மாணாக்கர் வழியாய், தேயிலைத் தோட்டத்தில் வந்து சேர்ந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

இனி ஆராயுங் கல்விக்கு வருவோம். எம்மவர் கூடுதலாக நாடத்தக்கது இதுவே என்பது எம் எண்ணம். இதற்குச் செலவுங் குறைவு. இந்தியாவில் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் 1993இல் திரைப்படக் கற்கைக்கெனத் தனித் துறையைத் தொடங்கி, அதில் முதுமாணிப் படிப்பை நடத்தி வருகின்றது. அதற்கும் முன்னரே, துறையின் பெயர் எதுவும் இல்லாத காலத்தில், எம் நாட்டுப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் கருத்துப் பரிமாற்றத்தின் ஊடகமாக ஆராய்ந்து 1981இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பண்டைத் தமிழர் நாடகத்தைப் பற்றி ஆராய்ந்து பேமிங்காம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அறிஞர், மக்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்கும் சினிமாவையும் அதே கூர்மையோடு நோக்கினார். தமிழர் எல்லாச் சாதியினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரு கலையைக் கண்டது திரையரங்கிலேதான் முதன்முதலாக நிகழ்ந்தது. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, சீட்டின் விலை என்பது அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று. பதுளை நகரத் திரையரங்கிற் கலரியில் இருந்து படம் பார்த்த தோட்டத்து முதியோரை விசாரித்தால், இவ்வுண்மையின் மெய்ம்மையையும் அதன் எல்லையையும் ஒருங்கே அறியலாம். அங்ஙனம் விசாரித்து எழுதுவதே ஒரு முதுமாணி ஆய்வுக்குப் போதுமான பொருளாகும்.

ஆராய்ச்சி மாணவன் ஒரு படத்தை எவ்வாறு அணுகுவான் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 'இலங்கையின் பாடல்' என்னும் பொருளுடைய பெயரோடு 1934இல் ஓர் ஆங்கில விவரணப்படம் எடுக்கப்பட்டது. இயக்கியவர் பசில் றைற். தயாரித்தவர் ஜோன் கிறியேர்சன். பணம் உதவியது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. நாற்பது நிமிட அளவினதாகிய அப்படம் 1935இற் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்றது. உலகின் சிறந்த விவரணப்படங்களுள் ஒன்றென இன்றும் எண்ணப்படுகின்றது. இலண்டனிலே பேணப்பட்டும் வருகின்றது. அழகான படம் என்பதில் ஐயமில்லை. சிகரம் ஏறும் அடியாரும் ஆடற் கலைஞரும் நெஞ்சில் நிலைத்துவிடுகின்றனர்.

சாதாரணப் பார்வையாளர் அம்மட்டில் எழுந்து சென்றுவிடுவார். மாணவனோ உட்கார்ந்து மறுபடியும் பார்ப்பான். நான்கு பகுதியாகிய அப்படத்தில் தேயிலை எத்துணை இடம் பெறுகின்றது? தேயிலைச் சபையின் பொருளால் எடுத்த படத்தின் பெரும்பகுதி சிங்களக் கிராமத்தையும் பௌத்த வழிபாட்டையும் காட்டுவது ஏன்? வணிகத்தின் குரல்கள் என்னும் மூன்றாம் பகுதியிற் சந்தை விலையும் வர்த்தகக் கடிதமும் ஒலிக்க, திரையில் இந்நாட்டு மக்கள் தொழில் செய்கின்றனர். ஒலியையும் காட்சியையும் இவ்வாறு மோதவிட்டதால் இயக்குநர் வணிகத்தைப் போற்றினாரா, மறைவாக இடித்துரைத்தாரா? படத்தின் பின்னணியிற் பேசும் குரல் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட் உடையது. அவர் வாசிப்பதோ கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை. நொக்ஸ் காலத்தில் இம்மலைகளில் தேயிலையும் இல்லை, தேயிலை பறிக்கத் தமிழர் வந்ததும் இல்லை. ஆகவே கொழுந்து கொய்வோரைப் பற்றிப் பேச அக்குரலிடம் சொல்லே இல்லாது போயிற்று. அவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றனர். அவர்கள் பேச்சு எமக்குக் கேட்பதில்லை. இவ்வினாக்களை எழுப்பி, ஆவணங்களைத் தேடி, காட்சி காட்சியாய் எழுதிக் கணக்கிட்டு விடை காண்பதே திரைப்பட ஆராய்ச்சி. கவியரங்கப் பாட்டைப் பொழிப்புரைத்தல், பதவுரைத்தல், நலம் பாராட்டல், குற்றங் காணல் என நாம் வகுப்பிற் செய்வதற்கும் இதற்கும் முறையில் வேற்றுமை பெரிதன்று.

பிறர் எடுத்தவை இருக்கட்டும். எம்மவர் எடுத்தவை யாவை? இலங்கைத் தமிழ்த் திரைப்படம் 1960களின் தொடக்கத்திற் சமுதாயம், தோட்டக்காரி என்னும் படங்களோடு பிறந்தது. இரண்டாவதன் பெயரே தோட்டத்தைச் சுட்டி நிற்பதைக் காண்க. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தாமே தயாரித்துக் கதைத் தலைவராகவும் நடித்த புதிய காற்று வெளிவந்தது. தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட அப்படத்தின் எழுத்துப் பணியிற் பங்குகொண்டவர் தெளிவத்தை ஜோசப். அவர் ஊவாவின் மைந்தர். ஹாலி-எலைக்கு அண்மையில் உள்ள ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராய் இருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் நிறுத்தி, 2022இல் மறையும்வரை எழுதியவர். தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் திரைப்படத்துக்கு எழுதினார் என்பது எம்போன்றோர்க்குத் தனிப்பட்ட பெருமை. அப்பெருமையை மறைத்துக்கொள்ள நாம் முயலவில்லை.

இப்படங்களை இன்று காண விரும்பும் மாணவன் எங்கே செல்வான்? இலண்டனில் 1934ஆம் ஆண்டுப் படம் பேணப்பட்டிருக்க, எம் நாட்டில் அதற்கு நாற்பதாண்டு பிந்திய தமிழ்ப் படங்கள் எளிதிற் கிடைப்பனவல்ல. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா கலையகம் எரியூட்டப்பட்டபோது தமிழ்ப் படங்களோடு சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் சாம்பலாயின. எஞ்சியவற்றை வெப்பமும் ஈரமும் தின்றன. படச்சுருள் என்பது ஏட்டுச்சுவடியினும் விரைவில் மடிவது. ஈரக் காற்றிற் புளிநாற்றம் எடுத்துச் சுருங்கிவிடும். சுவடிகள் கரையானுக்கு இரையாகுமுன் ஊர் ஊராய்த் தேடிச்சென்ற உ. வே. சாமிநாதையரைப் பற்றி மாணவர்க்குப் படிப்பிக்கின்றோம். அத்தகைய தேட்டம் இத்துறைக்கும் வேண்டும். படம் கிடையாவிட்டாலும் விளம்பரத் துண்டு கிடைக்கும், பாட்டுப் புத்தகம் கிடைக்கும், நிழற்படம் கிடைக்கும், அதனைத் திரையிற் கண்ட முதியவர் கிடைப்பார். 1975இல் இருபது வயதினராய்ப் பதுளையிலோ பண்டாரவளையிலோ புதிய காற்றைப் பார்த்தவர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். அவருடைய நினைவைப் பதிவு செய்தற்கு இன்னும் பத்தாண்டு காத்திருக்க இயலாது.

ஆக்குங் கல்விக்கும் இங்கே பொருட்பஞ்சம் இல்லை. மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடும் தோட்டங்கள் நமுனுகலை, பசறைப் பக்கங்களில் இன்னும் உள. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அறிந்த அண்ணாவிமார் குறைந்துகொண்டு வருகின்றனர். தெமோதரைச் சுற்றுப்பாதையும் ஒன்பது வளைவுப் பாலமும் சுற்றுலாப் பயணியரின் கைப்பேசிகளில் நாடோறும் ஆயிரமாயிரமாகப் பதிவாகின்றன. அப்பாதையின் இருமருங்கும் உள்ள லயங்களோ படத்தின் ஓரத்திற்குக்கூட வருவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தபோது கமெராக்கள் வந்தன. அழுத முகங்களைப் பிடித்துக்கொண்டு சென்றன. தேயிலைப் பொட்டலத்தின் மேற் சிரிக்கும் முகம், பேரிடரில் அழும் முகம் என்னும் இரண்டுக்கும் நடுவே முந்நூற்று அறுபது நாளும் எம் மக்கள் வாழுகின்றனர். ஊடகக் கற்கை மாணவரிடம் ஒரு சிறு காட்சி எழுதித் தருமாறு கேட்டால், பெரும்பாலோர் மழையில் ஓடும் கதாநாயகியையே எழுதுகின்றனர். பீலிக்கரையில் விடியற்காலை நான்கரை மணிக்குக் குடத்தோடு நிற்கும் தம் தாயை எழுதுவோர் மிகச் சிலர். கற்பித்தல் அங்கிருந்தே தொடங்கவேண்டியிருக்கின்றது.

இனி, இவ்வழியிற் செல்ல விரும்பும் மாணவர் அறியத்தக்கவற்றைக் கூறுவோம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்னும் பாடம் தமிழ் மொழியிலேயே உண்டு. நாடகமும் அரங்கியலும் உண்டு. இவற்றைக் கலைப்பிரிவின் எஞ்சிய பாடங்கள் எனக் கருதி ஒதுக்கும் பாடசாலை அதிபர்கள் தம் கருத்தை மீளாய்வு செய்தல் நன்று. முதற் பட்டத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கையும், கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் தொடர்பாடற் கற்கையும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் நாடகத் துறையும் தமிழ் மாணவர்க்கு ஏற்றன. களனிப் பல்கலைக்கழகம் நாடகத்தோடு பிம்பக் கலையையும் நெடுங்காலமாகப் பயிற்றி வருகின்றது. அங்கு செல்வோர்க்குச் சிங்களம் நன்கு வருதல் வேண்டும். பதுளையிலேயே 2005இல் எழுந்த ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்துக்குப் பேர்போனது. திரைப்படம் தேடி அங்கே செல்லற்க.

பூனாவிலே இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு என்னும் நான்கும் பட்டதாரிகளுக்கே உரிய மூன்றாண்டுப் படிப்புகளாக அமைந்துள. எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு. வெளிநாட்டு மாணவர்க்கும் இடம் உண்டு. கல்கத்தாவில் 1995இல் நிறுவப்பெற்ற சத்யஜித் ராய் நிறுவனமும் அதனை ஒத்ததே. சென்னை தரமணியில் எம். ஜி. ஆர். பெயரால் விளங்கும் அரசினர் நிறுவனம் 1945ஆம் ஆண்டிலிருந்து வரும் பழைமை உடையது. அங்கு நிகழ்வது பெரும்பாலும் பட்டத்திற்கு முற்பட்ட படிப்பு. எங்கு சென்றாலும் ஆங்கிலம் இன்றியமையாதது. திரைப்பட ஆராய்ச்சி நூல்களிற் பெரும்பாலன அம்மொழியில் உள்ளன. தமிழ் மீது பற்றுள்ள நாம் இதனை மனமின்றியே எழுதுகின்றோம்.

தொழில் வாய்ப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்கும்போது மறைத்துப் பேசலாகாது. இலங்கையிற் தமிழ்த் திரைப்படத்தை நம்பி ஒரு குடும்பம் வாழ்தல் இன்றும் அரிது. தொலைக்காட்சி நிலையங்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அறிந்தவர்க்கு வேலை உண்டு. ஒலிப்பதிவு அறிந்தோர் குறைவாதலால் அவர்க்கு வரவேற்பு உண்டு. இயக்கம் மட்டுமே கற்பேன் என்று பிடிவாதஞ் செய்வோர் நெடுநாட் காத்திருக்க நேரும். ஆராய்ச்சிப் பட்டம் பெற்றோர் பல்கலைக்கழக விரிவுரையாளராகலாம், இடங்கள் சிலவே. ஆதலின் முதற் பட்டத்தோடு ஆசிரிய நியமனம் ஒன்றையும் பெற்றுக்கொண்டு, பின்னர்ப் படிப்பு விடுமுறையில் மேற்செல்லுதல் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் வழி என்பது எம் கருத்து. விரைந்து செல்ல விரும்புவோர் இதனை ஏற்கமாட்டார்கள் என்பதும் அறிவோம்.

பொருளுதவி வேண்டுவோர்க்கு இருவழி உள. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் உயர்தரக் கல்விக்கும் பல்கலைக்கழகக் கல்விக்கும் உதவும் பொருட்டு 1940களிலே தொடங்கப்பெற்ற கல்வி நம்பிக்கை நிதியம் ஒன்று, இந்தியத் தூதரகத்தின் பொறுப்பில் இயங்கி வருகின்றது. இந்தியாவிற் கற்பதற்கான புலமைப்பரிசில்களும் அத்தூதரகத்தின் வழியாகவே அறிவிக்கப்படுகின்றன. அதன் உதவி அலுவலகம் கண்டியில் உண்டு. பதுளையிலிருந்து போவார்க்குக் கொழும்பினும் அதுவே அண்மை. விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றிதழ் கேட்பர். பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருத்தல் தோட்டத்துப் பதிவுகளில் வழக்கமாதலால், அதனைத் திருத்துதற்கே பல மாதம் கழியும். உயர்தர வகுப்பில் இருக்கும்போதே மாணவர் தம் சான்றிதழை எடுத்து எழுத்தெழுத்தாய்ப் பார்த்து வைத்துக்கொள்வாராக.